பெயரைப் பார்க்காத வங்கி

அமெரிக்காவில் வீடு வாங்கினவங்களுக்குத் தெரியும். க்ளோசிங்குக்கு முன்னால் "வயர் மோசடி நடக்குது, ஜாக்கிரதை" என்று ஒரு பேப்பரை நீட்டுவார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டபிறகுதான் உறைத்தது, அந்தக் காகிதம் அவங்களுக்குத்தான் கவசம்!

திருடன் ரியல்டர் அல்லது டைட்டில் கம்பெனியின் மின்னஞ்சலுக்குள் புகுந்து வாரக்கணக்கில் சும்மா படிச்சுக்கிட்டு இருப்பான். க்ளோசிங்குக்கு இரண்டு நாள் முன்னால் அதே பெயர், அதே லோகோ, அதே ஃபைல் நம்பரோடு "அக்கவுண்ட் மாறிடுச்சு" என்று மடல் வரும். பல வருஷ சேமிப்பு ஒரே வயரில் காலி.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்கிற புத்திசாலிகளே, இதையும் கேளுங்க. வயர் படிவத்தில் டைட்டில் கம்பெனியின் பெயரை எழுதுகிறோம் இல்லையா? பணம் போய்ச்சேரும் வங்கி அதைப் பார்க்கவேண்டிய கட்டாயமே இல்லை! பெயரும் எண்ணும் வேறுவேறு ஆள் என்று தெரியாதவரை எண்ணை மட்டும் நம்பினால் போதும் என்கிறது யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் 4ஏ-207. பிரிட்டனில் பெரிய வங்கிகள் 2020லேயே பெயரைச் சரிபார்க்க ஆரம்பிச்சாச்சு. நம்ம ரிசர்வ் வங்கிகூட, பணம் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டணும்னு 2025 ஏப்ரல் கெடு வைத்தது. இங்கே என்னடான்னா, வாங்குறவனுக்கு உபதேசம்.

எஃப்பிஐயிடம் 2023ல் பதிவான இந்த ரக மின்னஞ்சல் மோசடி நஷ்டம் 290 கோடி டாலர் (வீடு மட்டுமில்லை, எல்லா வியாபாரமும் சேர்த்து).

இப்போதைக்கு, மடலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீங்க. ஆரம்பத்தில் நேரில் வாங்கின நம்பருக்குக் கூப்பிடுங்க. பணம் போயிடுச்சா? அந்த நிமிஷமே வங்கியில் ரீகால் கேளுங்க, எஃப்பிஐயின் ஐசி3யில் புகார் கொடுங்க. கையெழுத்துப் போட்ட பேப்பரைத் தேடவேண்டாம், அதை அவங்களே எடுத்துக்கிட்டு வருவாங்க :-)