கிட்டாருக்கு ஒரு நாடா

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏனுங்க, எம்பொண்ணு ஆண்டு விழாவுல நின்னுக்கிட்டே கிட்டார் வாசிக்கோணுமாம். கிட்டாரோட அடியில ஒரே ஒரு குமிழ்தான் இருக்குது. பெல்ட்டோட இன்னொரு முனைய எங்க மாட்டறது? பக்கத்துக் கடைத் தம்பி, கழுத்துல ஒரு ஸ்குரூ முடுக்கிடலாம்ங்கறான். முடுக்கலாமுங்களா?"

நல்லவேளை, முடுக்கும் முன்பே கேட்டீர்கள். ஓட்டை போட்டுவிட்டால் போட்டதுதான்.

முதலில் கம்பிகளைப் பாருங்கள். ஆறும் உலோகமாக இருந்தால் கீழே சொல்வது பொருந்தும். மெல்லிய மூன்றும் நைலானாக இருந்தால் அது கிளாசிக்கல் கிட்டார். உட்கார்ந்து வாசிக்கவென்றே செய்தது, பெரும்பாலும் அடிக் குமிழே இருக்காது. அதற்கென்று, நடு ஓட்டையில் கொக்கி மாட்டும் பெல்ட் விற்கிறார்கள். இரண்டு கையையும் எடுத்தால் கிட்டார் முன்பக்கமாகக் கவிழும். மேடைக்கு அது வேண்டாம்.

உங்களுடையதில் குமிழ் இருப்பதால் வேலை சுலபம். பெல்ட்டின் ஒரு முனை அதில். மறுமுனையில் ஒரு ஷூ லேஸைக் கோத்து, கிட்டாரின் தலைப்பகுதியில், வெள்ளைப் பட்டைக்கும் முதல் முறுக்காணிகளுக்கும் நடுவே, கம்பிகளுக்கு அடியில் விட்டு முடிச்சுப் போடுங்கள். கம்பிக்கு மேலே சுற்றினால் சுருதி போய்விடும்.

இப்படிக் கட்டினால் கழுத்து வளைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஆறு உலோகக் கம்பிகளும் சேர்ந்து அந்தக் கழுத்தைச் சுமார் 70 கிலோ விசையோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கிட்டாரின் எடையோ 2 கிலோ அளவுதான். அதற்கெல்லாம் அசைகிற மரமல்ல. ஒரே தொந்தரவு, இடது கைக்குப் பக்கத்தில் லேஸ் கொஞ்சம் இடிக்கும். பாப்பா தொடர்ந்து மேடை ஏறினால், கழுத்து உடலோடு சேரும் தடித்த பகுதியில் இரண்டாவது குமிழ் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில கிட்டார்களில் அதற்குள்ளே போல்ட் ஓடும். அளவுக்கேற்ற சிறு துளை போடாமல் ஸ்குருவை முடுக்கினால் மரம் பிளக்கும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், தம்பியிடம் வேண்டாம்.

இனி பெல்ட். திருப்பூரில் இருந்துகொண்டு இதை விலைக்கு வாங்குவானேன்? ஆனால் ஊரில் எங்கும் கிடைக்கிறதே என்று எலாஸ்டிக்கை எடுத்துவிடாதீர்கள். தாளம் போடும்போதெல்லாம் கிட்டாரும் சேர்ந்து குதிக்கும். பனியன் துணியும் கூடாது. பின்னல் துணி எதுவானாலும் இழுபடும். நெய்த பருத்தி நாடா, 2 அங்குல அகலம், ஒன்றரை மீட்டர் போதும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க, ஸ்கூல் பையில் இருக்கிற மாதிரி வளையம் ஒன்று. குமிழில் மாட்டும் முனைக்கு மட்டும் தோல் வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் ஒரு துண்டு வாங்கி, குமிழின் தலையைவிடச் சிறிய ஓட்டையும் அதிலிருந்து ஒரு சிறு கீறலும் போடச் சொல்லுங்கள். லேசில் நுழைந்தால் லேசில் கழன்றும் விடும். தோலும் நாடாவும் சேரும் இடத்தில் பெட்டித் தையல் போட்டு, நடுவே குறுக்காக ஓட்டவும். தெரிந்த கம்பெனியில் பார்டாக் மெஷின் இருந்தால் இன்னும் உத்தமம். மாட்டிய பின் குமிழின் மேல் இறுக்கமான ரப்பர் வாஷர் ஒன்று. சில ரூபாய்க் காவல்.

உயரத்தைச் சரிசெய்ய ஒரே வழி: உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எங்கே இருக்கிறதோ, நின்றாலும் அங்கேயே இருக்கவேண்டும். 'பயணங்கள் முடிவதில்லை' மோகனைப் பார்த்து வளர்ந்த அப்பாக்களுக்கு ஆயிரம் ஸ்டைல் தோன்றும். இடுப்புக்குக் கீழே இறக்கினால் பாப்பாவின் இடது மணிக்கட்டு மடங்கி, விரல் கம்பிக்கு எட்டாது.

முதல் ஒத்திகை மெத்தைப் பக்கத்தில் நடக்கட்டும். விழாவுக்கு ஒரு வாரமாவது நின்று பழக வேண்டும்; நிற்கும்போது விரல் பலகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, முதல் இரண்டு நாள் தடுமாறத்தான் செய்வாள்.