அக்காவின் ஜிம்மியும் பச்சை இறைச்சியும்

நாய்க்குப் போடும் சாப்பாட்டைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் எழுதவேண்டுமா என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். ஆண்துணையின்றி வாழும் வீடுகளுக்குப் போய்வருகின்ற எனக்கு, படலையடியில் படுத்திருக்கும் நாயும் அந்த வீட்டில் ஓர் ஆள் என்பது தெரியும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். இடம்பெயர்ந்தபோது வீட்டு நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அது கொஞ்சத் தூரம் பின்னாலேயே வந்ததாம். 2010இல் மீளக்குடியேறியபோது தறப்பாள் கொட்டிலுக்குக் கதவே இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்த அவர் முதலில் தேடி எடுத்தது ஒரு நாய்க்குட்டியைத்தான். இப்போதுள்ள ஜிம்மி அதன் வழியில் வந்தது.

அண்மையில் அங்கு போனபோது, விறாந்தையில் ஒரு தட்டில் கோழிக் கழுத்து, ஈரல், கால் எல்லாம் பச்சையாகக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு வயதுப் பேத்தி குந்தியிருந்தாள்.

“மெல்பேர்ணில இருக்கிற தங்கச்சி சொன்னவள். நாய் ஓநாயின்ர வழியாம். சோறு குடுத்தால் வருத்தம் வருமாம்” என்றார். பிறகு மெதுவாக, “அண்டைக்கு அவிட்டுவிட்ட நாய்க்குச் செய்யாததை இதுக்காவது செய்வம் எண்டு பார்த்தன்” என்றார். இடியப்பம் அவித்து விற்கும் காசில்தான் அதை வாங்குகிறார்.

நான் படித்தது சமூகவியல். இதற்கு அது உதவாது. மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன், வாசித்தும் பார்த்தேன்.

தங்கை சொன்னது வெறும் கதையல்ல. அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகத்துக்குப் பின்னர் இந்த முறை பரவலானது. அவித்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும் என்பதும் சரிதான். ஆனால் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை, விற்பனைக்கிருந்த பச்சை நாயுணவு, பூனையுணவு மாதிரிகள் 196ஐச் சோதித்தபோது 15இல் சல்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. உறைய வைத்தாலும் இக்கிருமிகள் முற்றாகச் சாவதில்லை. குளிர்சாதனப் பெட்டியே இல்லாத எங்கள் வீடுகளில் வெயிலுக்குள் கிடக்கும் இறைச்சியை நினைத்துப் பாருங்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அதன் மலத்தோடு கிருமி வளவெங்கும் பரவும். லிஸ்டீரியா கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. அக்காவின் இளைய மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

சோற்றைப் பற்றியும் ஒரு செய்தி கிடைத்தது. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். மனிதரோடு கூடி வாழ்ந்து, மனிதரின் சாப்பாட்டைத் தின்று பழகிய பிராணி அது. இதைச் சொன்னபோதுதான் அக்காவின் முகம் மாறியது.

“அப்ப நான் சோறு போட்டு ஒண்டையும் கெடுக்கேல்லையோ?”

“இல்லை அக்கா. வெறும் சோறுதான் காணாது.”

மீன் தலையையோ கோழி ஈரலையோ அவித்து, முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டுச் சோற்றோடு குழைத்துக் கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு, அவித்தால் அது போய்விடும். குழம்பும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆடு, மாடு அடித்த இடத்திலிருந்து பச்சை ஈரலோ நுரையீரலோ கொண்டுவந்து போடவே வேண்டாம். அதனால் நாய்க்கு ஒருவகை நாடாப்புழு வரலாம். அதன் முட்டை நாயின் மலத்திலிருந்து எங்கள் வாய்க்குப் போனால், ஈரலில் நீர்க்கட்டி வளரும்.

அக்காவுக்கு வேறொரு கவலை. “தங்கச்சிக்கு என்னெண்டு சொல்லுறது? அன்பிலதானே சொன்னவள்.” நான் பக்கத்தில் இருக்கும்போதே தொலைபேசி எடுத்துக் கதைத்தார். பிள்ளை பிறக்கப்போகும் வீடு என்றதும் தங்கைக்கு உடனே விளங்கிவிட்டது.

ஜிம்மிக்குத்தான் விளங்கவில்லை. இரண்டு நாள் சோற்றை மணந்துபார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். மூன்றாம் நாள் மீன் தலை அவித்துக் குழைத்து வைத்ததும் தட்டை நக்கித் துடைத்துவிட்டது. அந்தத் தட்டு இப்போது விறாந்தையில் இல்லை. பேத்தியின் கைக்கு எட்டாத தூரத்தில், வேலியோரம் இருக்கிறது.