பெட்டிக்குள் போனால் பிழைத்துக்கொள்வாரா?

உசிலம்பட்டிப் பக்கம் வெறுங்காலோடு ஆடு மேய்க்கிற ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போயிருக்கிறது. கருவேலமுள் ஏறினதே தெரியாது. தெரியும்போது புண் சீழ் பிடித்து நாறும். அப்போது ஒரு சொந்தக்காரர் வருவார்: ‘மெட்ராஸ்ல ஆக்சிஜன் பெட்டி இருக்காம்ல. உள்ளே படுத்தா புண்ணு ஆறிடுமாம்!’ உடனே கறவை மாட்டுக்கு விலை பேசுவார்கள்.

கொஞ்சம் நில்லுங்கள் சார்.

அந்தப் பெட்டி ஒன்றும் டுபாக்கூர் இல்லை. வெளிக்காற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். அது ரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வந்து, ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டியவருக்கு இது உயிர்காக்கும் சிகிச்சை. கார்பன் மோனாக்சைடு விஷம், கதிர்வீச்சால் கெட்ட திசு, திடீர்ச் செவிட்டுத்தன்மை என ஒரு டஜனுக்குக் கொஞ்சம் மேலான நோய்களுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வைத்தியம். முற்றிய சர்க்கரைப் புண்ணும் அதில் உண்டு.

ஆனால், அதிலும் துணைச் சிகிச்சையாக மட்டும்! காலுக்கு ரத்தம் சரியாகப் போகாத 120 சர்க்கரை நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் ஆய்வு செய்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. பெட்டியில் படுத்தவர்களுக்குக் காலைக் காப்பாற்றுவதில் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை. சர்க்கரையை அடக்கணும், புண்ணைச் சுத்தம் செய்யணும், ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கணும், காலை ஊன்றாமல் இருக்கணும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பெட்டிக்குள் போய் என்ன பயன்?

இதைவிடக் கொடுமை, ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவிடம் இதை விற்பது. இதற்கெல்லாம் நாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-லேயே எச்சரித்துவிட்டது. ஆட்டிசத்துக்குப் பலன் தருவதற்கு ஆதாரம் இல்லை என்று 2016-ல் காக்ரேன் ஆய்வும் சொல்லிவிட்டது. ஆனாலும், ‘நாற்பது தடவை வாங்கம்மா’ என்கிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் டிராய் நகரில், தனியார் மையம் ஒன்றில் பெட்டிக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான்.

முகச்சுருக்கத்துக்கு என்று பணக்காரர்கள் போய்ப் படுத்தால், அது அவர்கள் காசு. ஏழையின் நம்பிக்கையை மணிக்கணக்கில் விற்பதற்குப் பெயர் வைத்தியமா?

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் நோய் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கா? மொத்தச் செலவு எவ்வளவு? பலன் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவீங்க? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். புண் இருந்தால் விடிந்ததும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாடு கொட்டிலிலேயே நிற்கட்டும்.