கையெழுத்துப் போட்டால் போட்டதுதானா?

"ஜனாதிபதிய எந்தக் கோர்ட்டுண்ணே கேக்கும்? கையெழுத்துப் போட்டா போட்டதுதான்." ஜெயமங்கலம் டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி இப்படிச் சொன்னதும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒரு முழம் வரப்புக்காகப் பெரியகுளம் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் நடக்கிற சனம் இது. நாட்டை மட்டும் ஒருவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரிப் பேசினால் எரிச்சல் வராதா?

இலங்கை ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவைப் பாருங்கள். அந்த ஊர் ஜனாதிபதி நம் குடியரசுத் தலைவரைப் போல அமைச்சரவை சொற்படி நடப்பவர் அல்ல. ஆட்சியே அவர் கையில்தான். 2018 நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்துக் கையெழுத்துப் போட்டார். டிசம்பர் 13-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒருமித்துச் செல்லாது என்றது. அவர் பதவியில் இருக்கும்போதே!

அதே சிறிசேனதான். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிதறிப்போனார்கள். உளவு எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. பாதுகாப்புத் துறையும் அவரிடமே இருந்தது. தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்டு என்றது. தவணை தவணையாகக் கட்டினார். போன உயிருக்கு அது ஈடாகாதுதான். ஆனால் கேட்டார்களே!

நம் அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவும் பதவிக்காலம் வரைக்கும்தான் குடியரசுத் தலைவர் மீதான கிரிமினல் வழக்கைத் தடுக்கிறது. 1991 ஜனவரி 30-ல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தராமலே, குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். அன்றைக்கும் 'கலைத்தால் கலைத்ததுதான்' என்று ஊர் முணுமுணுத்தது. 1994-ல், கர்நாடக முதல்வராக இருந்த பொம்மை தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட கையெழுத்தையும் நீதிமன்றம் விசாரிக்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முப்பது வருடம் தாண்டியும் அந்தச் சேதி நம் டீக்கடைக்கு வந்து சேரவில்லை.

இந்த அடங்கிப்போகும் புத்திதான் ஊருக்குள்ளும் கெடுக்கிறது. கிராம சபையில் வரவு செலவை வாய்விட்டு வாசிக்கச் சொல்ல ஆளில்லை; தீர்மான நோட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் தேனி மாவட்ட ஊராட்சிகளைத் தனி அலுவலர்களிடம் கொடுத்தார்கள். அப்போதும் எந்தத் தெருவிலிருந்தும் சத்தம் வரவில்லை. சிறிசேனவையே கோர்ட்டு கேள்வி கேட்ட காலத்தில், நம் தெருக்குழாய்க்கு எவ்வளவு செலவு என்று கேட்க நமக்கு என்ன பயம்?