ரெண்டு குழல், ஒரு டர்போ

சிவிக்குக்குப் பின்னால ரெண்டு சைலன்சர் போட்டால் பவர் கூடும் எண்டு எந்தக் கராஜ்காரன் சொன்னவன்? 1000 சிசிக்கு வரி குறைவு எண்டுதான் அந்தக் கார் இலங்கைக்கு அவ்வளவு வந்தது. மூன்று சிலிண்டர், ஒரேயொரு டர்போ. புகை முழுவதும் அந்த ஒரு டர்போவுக்குள்ளால்தான் வரவேணும். அதைத் தாண்டி வந்த புகையை ரெண்டாகப் பிரித்து என்ன கண்டது?

கணக்கைப் பாருங்கோ. 3 அங்குலக் குழாய் ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். 2 அங்குலக் குழாய் ரெண்டையும் கூட்டினாலும் 6.3தான். டர்போ காரில் உண்மையாக வித்தியாசம் காட்டுவது டர்பைனை ஒட்டி இறங்கும் டவுன்பைப். அது வெளியில தெரியாது, அதால பெடியளுக்கு அதில ஆசையும் இல்லை.

சத்தத்துக்குத்தான் போடுறம் எண்டால் அப்படியே சொல்லுங்கோ. அப்ப கதை வேற. அக்சிலேற்றரை விடேக்க பட்படெண்டு வெடிக்கிற டியூன், பெற்றோலைச் சைலன்சர் குழாய்க்குள்ள எரியவிடுறதுதான். 2009 வரைக்கும் உண்மையான வெடிச்சத்தம் கேட்ட சனம் பலாலி வீதிக் கரையில நித்திரை கொள்ளுது. பழசை ஏன் கிளறுறாய் எண்டு கேட்பியள். இரவு பதினொரு மணிக்குக் கிளறுறது நானில்லை.

வேகம் வேணுமெண்டால் காசை டவுன்பைப்பில போடுங்கோ. கடைசி மஃப்ளரைக் கம்பனி பூட்டினபடியே விடுங்கோ.