பெட்ரோல் கதவு திறக்கலையா?

காரின் பின்பக்கத்தில், பெட்ரோல் ஊற்றும் வாயை மறைத்துக்கொண்டு ஒரு குட்டிக் கதவு இருக்குமே, அது திறக்காமல் அடம் பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காரைப் பற்றி நான் எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். மிக்ஸியையும் கிரைண்டரையும் கட்டி மேய்க்கிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

பல கார்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். இழுத்தால் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒரு கேபிள் போய்க் கொக்கியை விடுவிக்கும். வேறு சில கார்களில் கரண்ட்தான். ஸ்விட்சை அமுக்கினால் ஒரு சின்ன மோட்டார் கதவைப் பிடித்திருக்கும் ஊசியை உள்ளே இழுக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்விட்சே கிடையாது. கார்க் கதவுகளின் பூட்டைத் திறந்துவிட்டு, குட்டிக் கதவை விரலால் அமுக்கினால் தானே வெளியே வரும். இது தெரியாமல் "ரிப்பேர்" என்று அலைகிறவர்களும் உண்டு!

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டதிலிருந்து, எங்கள் வீட்டில் பாதி டேங்குக்குக் கீழே பெட்ரோலை இறக்குவதில்லை. ஆனால் மாப்பிள்ளை வளர்ந்த ஊர் வேறு, பழக்கமும் வேறு. மகளுக்கு ஒன்பதாம் மாதம். ராத்திரி பத்து மணிக்கு இடுப்பு வலி என்றாள். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர் போல இருக்கும். வண்டியில் ஏறிப் பார்த்தால் முள் சிவப்பில் நிற்கிறது. பங்க்கில் போய் நின்றால் கதவு திறக்கவில்லை. அங்கிருந்த பையன் ஸ்குரூ டிரைவரோடு வந்துவிட்டான்.

"இருப்பா தம்பி, நெம்பாதே. மாப்பிள்ளை, இஞ்சினை நிறுத்திட்டு ஸ்விட்சை அமுக்குங்க. நான் பின்னால நின்னு கேக்கிறேன்" என்றேன்.

"டக்"கென்று சத்தம் கேட்டது. அப்படியென்றால் கரண்ட் வருகிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஊசிதான் சிக்கியிருக்கிறது. கதவை உள்ளங்கையால் உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப அமுக்குங்க" என்றேன். திறந்துகொண்டது. விடியற்காலை மூன்றரைக்குப் பேத்தி பிறந்தாள்.

மறுவாரம் பார்த்தால் இடுக்கெல்லாம் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி. ஈரத்துணியால் துடைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடித்தோம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து! அது புழுதியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும்.

சத்தமே வராவிட்டால் கதை வேறு. முதலில் கார்க் கதவுகளின் பூட்டைத் திறந்து பாருங்கள். அடுத்தது பியூஸ். எந்தப் பியூஸ் என்று காரோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும். காரை அணைத்துவிட்டுப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். அதே எண்ணுள்ள பியூஸையே போட வேண்டும். பொதுவாகச் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15. "கொஞ்சம் பெரிசாப் போட்டா தாங்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பியூஸுக்குப் பதிலாக வயர் சூடேறிப் பற்றிக்கொள்ளும். போட்ட பியூஸ் மறுபடி போனால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பியூஸ் நன்றாக இருந்தும் சத்தமில்லையென்றால் ஸ்விட்சோ, வயரோ, மோட்டாரோ போயிருக்கும். அதுவும் அவர் வேலைதான். அவரும் பேட்டரியிலிருந்து நேரே வயர் இழுத்துப் பெட்ரோல் வாய்க்குப் பக்கத்தில் பொறி பறக்க விட்டால், சம்மதிக்காதீர்கள். அந்த ஆவி தீக்குச்சிக்குக் காத்திருக்கிற சமாசாரம்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பல கார்களில் டிக்கிக்குள், பெட்ரோல் கதவு இருக்கிற பக்கத்து அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கயிறோ பிளாஸ்டிக் வளையமோ இருக்கும். மெதுவாக இழுத்தால் ஊசி விலகும்; வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். எல்லாக் கார்களிலும் இது இல்லை. உங்கள் காரில் உண்டா, எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், அவரையும் கூட வைத்துக்கொண்டு பார்த்து வையுங்கள்.