மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் தவறிப்போகும் பெண்பிள்ளைகளை எங்கள் ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்தில் கிளினிக்குக்கு அழைத்துப் போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடட்டும்." மாத்திரை கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் மாத்திரை. ஏன் கேட்கவில்லை என்று யாரும் தேடுவதில்லை. இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. மாதக்கணக்கில் விலக்கு வரவில்லை, வயிறு ஊதிக்கொண்டே இருந்தது, ஆள் இளைத்துப்போனாள். வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்த பிறகுதான் அது சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய் இது. மாத்திரையில் இருக்கும் இரும்புச் சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் முன்பகுதி. அது சிதைந்து கிடக்கும்போது மாத்திரை எப்படி உடம்பில் சேரும்? சத்துச் சேராத உடம்பில் மாதவிடாய் தவறும், சில பிள்ளைகள் வயதுக்கு வருவதே தள்ளிப்போகும், சிலருக்குக் கரு தங்காது. 2010இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், மாதவிடாய் நின்றுபோன அனுபவம் சீலியாக் உள்ள பெண்களில் 19.4 விழுக்காட்டினருக்கும், நோயற்றவர்களில் 2.2 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

"அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்று முதலில் பார்த்த இடத்தில் சொன்னார்கள். இது தவறு. 2016இல் வெளியான இந்திய ஆய்வு 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தது. வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்தில் இந்நோய்க்கான அடையாளம் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 பேரிடம்தான். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 விழுக்காடு, தெற்கே 36.4 விழுக்காடு. ஏறக்குறைய சமம். வேறுபட்டது சாப்பாடு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்கிறார், தெற்கே 25 கிராம். நாம் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஆனால் இங்கே காலையில் ரொட்டி சானாய், பள்ளிக்கூடத்தில் மீ கோரேங், சாயங்காலம் பிஸ்கட்டும் மைலோவும், இரவுக்குச் சப்பாத்தி. தாத்தா பாட்டி காலத்துச் சோறும் கஞ்சியுமா நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்? நம் மலேசியாவிலேயே 562 ஆரோக்கியமான இளையோரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 1.25 விழுக்காட்டினரின் இரத்தத்தில் இந்நோய்க்கான அடையாளம் இருந்தது. அதில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் உண்டு.

மாதவிடாய் தவறும் எல்லாருக்கும் சீலியாக் என்று நான் சொல்லவில்லை. சினைப்பை நீர்க்கட்டியும் தைராய்டும் இதைவிட அதிகம். ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவர் இரத்தச்சோகை உள்ளவர்கள். மாத்திரை சாப்பிட்டும் தேறாதவர்களையாவது பார்க்க வேண்டாமா? தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைக் கண்டறிய 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களிடம் இரத்தம் எடுக்கிறார்கள். தலசீமியா இல்லை, ஆனால் இரத்தம் குறைவு, விலக்கும் ஒழுங்காக வரவில்லை என்ற பிள்ளைக்கு டிடிஜி என்ற சீலியாக் இரத்தப் பரிசோதனையையும் செய்யச் சுகாதார அமைச்சு உத்தரவிட வேண்டும். தோட்டத்து அம்மாக்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் ஒரு விளக்கத்தாளும் கிளினிக்கில் கிடைக்க வேண்டும்.

சீலியாக் நோய்க்கு மருந்து கிடையாது; ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவுதான். இட்டிலி, இடியாப்பம், புட்டு, மீ ஹூன் நமக்குப் பழகியவைதானே என்று தோன்றும். ஆனால் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும், கிச்சாப்பில் கோதுமை இருக்கும், ரொட்டி சானாய் போட்ட கல்லிலேயே தோசையும் சுடுவார்கள். பொட்டலத்தில் அடைத்த உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அச்சிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. சாப்பாட்டுக் கடைக்காரர்களும் கேட்டால் உண்மையைச் சொல்லப் பழக வேண்டும்.

அக்கா மகளுக்கு உணவை மாற்றிய சில மாதங்களில் விலக்கு திரும்பியது, இரத்தமும் ஏறியது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சந்தேகம் வந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜாசின், மலாக்கா.